மேற்கோள் இருக்கிறதே, அப்புறம் என்ன?

விக்கிப்பீடியாவில் புதிதாக எழுத வருகிறவர்களுக்கு எழுத்துப்பிழையைப் பற்றியோ, மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் பழகுவது பற்றியோ, தன்னைப் பற்றித் தானே கட்டுரை எழுதக் கூடாது என்பது பற்றியோ நான் இங்கே சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் யாராவது முதல் வாரத்திலேயே பேச்சுப் பக்கத்தில், அதாவது பயனர்கள் உரையாடும் பக்கத்தில், வந்து சொல்லிவிடுவார்கள். சென்னைக் கல்லூரிகளில் பயிலரங்கு நடக்கும்போது பிள்ளைகளின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தால், அந்தக் காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்து அப்படியே திரும்ப நடக்கிறது. அதில் சில தவறுகள் தானாகச் சரியாகிவிடும். சில தவறுகள் பத்து வருடம் கழித்தும் கட்டுரைக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இது அந்த இரண்டாவது வகையைப் பற்றி.

படிக்காத மேற்கோளை இறக்குமதி செய்வது

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்கிறார்கள். கீழே வரிசையாக அடிக்குறிப்புகள். மொழிபெயர்ப்புக் கருவியைத் திறந்து பத்தியைச் சொடுக்கினால், வரிகளோடு அடிக்குறிப்புகளும் சேர்ந்து தமிழ்ப் பக்கத்தில் வந்து விழுகின்றன. மதியச் சாப்பாட்டுக்கு முன் கட்டுரை தயார். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். “இதில் எந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தீங்க?” என்று கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: “அதான் ஆங்கிலத்துல மேற்கோள் இருக்கே சார், அப்புறம் என்ன?”

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். அடிக்குறிப்பு என்பது அலங்காரம் இல்லை. “இந்த நூலின் இந்தப் பக்கத்தை நான் பார்த்தேன், இந்தச் செய்தி அங்கே இருக்கிறது” என்று நீங்கள் வாசகருக்குக் கொடுக்கும் உறுதி அது. மூலச் சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் ஜெராக்ஸில் பச்சை மையால் கையெழுத்துப் போடும் அதிகாரிக்கும், படிக்காத புத்தகத்தை மேற்கோளாகப் போடுகிறவருக்கும் வித்தியாசம் கிடையாது.

மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பழைய பங்களா. அதைக் கட்டியவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் இன்ன அதிகாரி என்று ஆங்கிலக் கட்டுரையில் ஒரு வரி. மெட்ராஸ் வரலாறு பற்றிய ஒரு நூலின் பக்க எண்ணோடு மேற்கோள். ஒரு தம்பி அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது அந்தப் பக்க எண்ணைப் பார்த்துத்தான். அவ்வளவு பெரிய எண் என்றால் புத்தகத்தின் கடைசிப் பகுதியாக இருக்க வேண்டும். நூலோ கால வரிசையில் எழுதப்பட்டது, கம்பெனிக் காலத்துச் செய்தி அவ்வளவு பின்னால் வர வாய்ப்பில்லை. எழும்பூரில் கன்னிமாரா நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தை வாங்கிப் பிரித்தால், அந்தப் பக்கத்தில் இருந்தது பொருளடைவு, அதாவது எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற கடைசிப் பட்டியல். பங்களாவின் பெயர், பக்கத்தில் இரண்டு எண்கள், அவ்வளவுதான். அந்த எண்களைப் பிடித்து உள்ளே போனால் செய்தி கிடைத்தது: இன்னார் கட்டியதாக அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அதற்கு அடுத்த வாக்கியம், அதற்கு ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை என்றது.

என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஆங்கிலத்தில் எழுதியவர் புத்தகத்தின் சில வரிகளை மட்டும் காட்டும் கூகுள் புக்ஸின் துண்டுக் காட்சியில் மூன்று வரி பார்த்திருக்கிறார். ‘ஆவணம் இல்லை’ என்ற வரி அந்தத் துண்டுக்குள் வரவில்லை. பக்க எண்ணை வேறொரு துண்டிலிருந்து எடுத்திருக்கிறார். நம் தம்பி இரண்டையும் அப்படியே இறக்கிவிட்டார்.

தமிழ்க் கட்டுரையிலிருந்து அந்த வரியை எடுக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அதற்குள் ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அது வந்துவிட்டது. பங்களா வாசலில் பலகையாகவும் ஏறிவிட்டது. அப்புறம் வேறொரு புதியவர் வந்து அதே வரியைத் திரும்பச் சேர்த்தார், இந்தத் தடவை அந்த ஞாயிறு இணைப்பை மேற்கோளாகக் காட்டி. பேச்சுப் பக்கத்தில் கன்னிமாராவையும் பொருளடைவையும் விளக்கி எழுதினால், “பத்திரிகையே சொல்கிறது, நீங்கள் யார் மறுக்க?” என்று பதில் வருகிறது. பத்திரிகையைச் சான்றாக ஏற்கும் விக்கியின் விதிப்படி பார்த்தால் அவர் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதுதான் கூடுதல் எரிச்சல்.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்குக் கோவாக் கதை ஒன்று. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007-ல் ‘பிச்சோலிம் போர்’ என்று ஒரு கட்டுரை எழுதப்பட்டது. 1640–41-ல் போர்த்துக்கீசியருக்கும் மராத்தியப் பேரரசுக்கும் நடந்த போராம். நீளமான கட்டுரை, ஒழுங்கான அடிக்குறிப்புகள். அதே ஆண்டில், விக்கியர்கள் பரிசீலித்துத் தரும் ‘நல்ல கட்டுரை’ என்ற தகுதியும் கிடைத்தது. 2012 கடைசியில் ஒரு பயனர் அந்த மேற்கோள் நூல்களைத் தேடிப் போனபோதுதான் அப்படிப்பட்ட நூல்களே இல்லை என்று தெரிந்தது. போரும் இல்லை. ஐந்து வருடத்துக்கு மேல் அது அங்கே கௌரவமாக இருந்திருக்கிறது. புத்தகத்தைத் தேடக்கூட வேண்டாம். சிவாஜி முடிசூடியதே 1674-ல்தான் என்பது நினைவுக்கு வந்திருந்தால் 1640-ல் ஏது மராத்தியப் பேரரசு என்று கேட்டிருக்கலாம். அந்தக் காலத்தில் யாராவது அதைத் தமிழில் மொழிபெயர்த்திருந்தால் இல்லாத நூல்கள் அத்தனையும் நம் பக்கத்துக்கும் வந்து சேர்ந்திருக்கும்.

இப்போது இதற்கு ஒரு புதுக் கிளை முளைத்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுக் கட்டுரை எழுதினால் நூல் பெயர், பதிப்பகம், ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் எல்லாம் கச்சிதமாகக் கிடைக்கும், நூல் மட்டும் இருக்காது. ஐஎஸ்பிஎன்னின் கடைசி இலக்கம் முன்னால் இருக்கும் பன்னிரண்டு இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. கற்பனை எண் பெரும்பாலும் அந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளும், விக்கியில் மேற்கோளை நிரப்பும் படிவமான மேற்கோள் வார்ப்புரு சிவப்பில் பிழை காட்டும். 978-க்கு அடுத்து 81 அல்லது 93 இருந்தால் இந்தியப் பதிப்பு. லண்டன் பதிப்பகத்தின் பழைய நூல் என்று போட்டுவிட்டு 93-ல் எண் கொடுத்திருந்தால் உஷாராகிவிடுங்கள். சில இணைய முகவரிகளின் வாலில் சாட்ஜிபிடியின் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக்கூட வெட்டாமல் ஒட்டுகிறவர் அந்தப் பக்கத்தைப் படித்திருப்பார் என்று நான் நம்பத் தயாரில்லை.

சரி, என்ன செய்யலாம்? இணையத்தில் இருக்கும் மேற்கோளைத் திறந்து படியுங்கள். புத்தகம் என்றால் முதலில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள். இல்லையென்றால் கன்னிமாரா, கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இவ்வளவு நூலகம் பஸ் தூரத்தில் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு துண்டுக் காட்சியை நம்பி எழுதுவது அநியாயம். எங்கேயும் பார்க்க முடியாத மேற்கோளா, அந்த வரியைத் தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். கட்டுரை எட்டு வரியில் நின்றால் நிற்கட்டும்.

சுற்றி வரும் சான்று

மெரினா உலகத்திலேயே இரண்டாவது நீளமான கடற்கரை. சென்னையில் இதைக் கேட்காமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது. பொது அறிவுப் புத்தகத்தில் இருக்கும், போட்டித் தேர்வு வழிகாட்டியில் இருக்கும், பத்திரிகையில் இருக்கும். மேற்கோளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கோட்டைப் பக்கத்திலிருந்து பெசன்ட் நகர் வரை இழுத்துப் பிடித்து அளந்தாலும் மெரினா 13 கிலோமீட்டரைத் தாண்டாது. வங்காளதேசத்துக் காக்ஸ் பஜார் சுமார் 120 கிலோமீட்டர். பிரேசிலின் காசினோ கடற்கரை 200-க்கும் மேல். இத்தனை சான்றும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை. அளந்து பார்த்துச் சொன்ன சான்று அதில் ஒன்றும் இல்லை.

இதில் விக்கியும் நுழையும்போது சிக்கல் முற்றுகிறது. 2008-ல் ஓர் அமெரிக்க மாணவர் கோட்டி என்ற விலங்குக்கு ‘பிரேசில் ஆர்ட்வார்க்’ என்று விளையாட்டாக ஒரு பெயரைக் கட்டுரையில் சேர்த்தார். பத்திரிகைகள் அதை எடுத்தாண்டன. அப்புறம் அந்தப் பத்திரிகைகளே கட்டுரைக்குச் சான்றாயின. அதனால் ஒரு செய்தி உறுத்தினால் கட்டுரையின் ‘வரலாறு’ பக்கத்துக்குப் போய், அந்த வரி எந்தத் தேதியில் நுழைந்தது என்று பாருங்கள். உங்கள் பத்திரிகைச் சான்று அந்தத் தேதிக்குப் பிந்தையது, எங்கிருந்து எடுத்தது என்றும் சொல்லவில்லை என்றால் அதைச் சான்றாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

“கூகுளில் நிறைய வருகிறது”

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று தேடினாலும்தான் பக்கம் பக்கமாக வரும். ஒரு சாயங்காலம் அங்கே போனால் அந்த நிழலிலேயே உட்கார்ந்து காற்று வாங்கலாம்.

புரளியை நீக்கிவிட்டுக் கிளம்பிவிடுவது

ஒரு பொய் வரியைக் கண்டுபிடித்ததும் நீக்கிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியில் போய்விடுகிறார்கள். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. எழுதியவரின் ‘பங்களிப்புகள்’ பக்கத்தைத் திறந்து மற்றவற்றையும் பார்க்க வேண்டும். சீன விக்கிப்பீடியாவில் இடைக்கால ரஷ்ய வரலாற்றைப் பற்றி ஒருவர் வருடக்கணக்கில் கற்பனையாக எழுதிக்கொண்டிருந்தது 2022-ல் தான் வெளியே வந்தது. 200-க்கும் மேற்பட்ட கட்டுரைகள். ஒன்றை இழுத்ததும் மற்றதெல்லாம் கூடவே வந்தன. எல்லாரும் மதித்த பயனர் அவர் என்பதையும் கவனியுங்கள். புரளி எழுதுகிறவர் கெட்ட வார்த்தையோடுதான் வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்து, அந்தக் கட்டுரையின் பிற மொழிப் பதிப்புகளையும், எல்லா மொழி விக்கிகளுக்கும் பொதுவான தரவுத்தளமான விக்கித்தரவையும் பாருங்கள். தமிழில் அழித்தது அங்கே உயிரோடு இருந்தால் ஆறு மாதத்தில் மொழிபெயர்ப்பாகத் திரும்பி வரும். ஏன் நீக்கினீர்கள், எந்த நூலில் என்ன பார்த்தீர்கள் என்று பேச்சுப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் ‘தவறு’ என்று ஒற்றை வார்த்தை போட்டால் அடுத்து வருகிறவருக்கு ஒன்றும் புரியாது. எழுதியவரைப் பொய்யர் என்று திட்டவும் வேண்டாம், பல சமயம் அவரும் யாரிடமோ ஏமாந்தவர்தான்.

சோதனைக்காகப் பொய் எழுதிப் பார்ப்பது

வேண்டாம். 2009-ல் இசையமைப்பாளர் மோரீஸ் ஜார் இறந்தபோது அயர்லாந்து மாணவர் ஒருவர் அவர் சொன்னதாக ஒரு வாசகத்தைக் கற்பனை செய்து சேர்த்தார். சான்றில்லை என்று விக்கியர்கள் நீக்கிக்கொண்டேதான் இருந்தார்கள். அதற்குள் பல நாட்டுப் பத்திரிகைகள் அஞ்சலியில் அச்சடித்துவிட்டன.

இறப்புச் செய்தி

வாட்ஸப்பில் வந்தவுடன் ‘மறைந்தார்’ என்று மாற்றாதீர்கள். குடும்பத்தாரோ மருத்துவமனையோ சொல்லட்டும்.

தலபுராணத்தை வரலாறாக எழுதுவது

கோயில் கட்டுரையில் “இக்கோயில் 3,000 ஆண்டுகள் பழமையானது” என்று எழுதிவிட்டுக் கோயில் வாசலில் விற்கும் தலவரலாற்றுப் புத்தகத்தை மேற்கோள் காட்டுகிறார்கள். தலபுராணம் என்ன சொல்கிறது என்பதற்கு அந்தப் புத்தகம் நல்ல சான்று. “தலபுராணத்தின்படி” என்று தொடங்கி எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கோயிலின் காலத்துக்குக் கல்வெட்டு, தொல்லியல் துறை வெளியீடு என்று போங்கள்.

“நன்றி: இணையம்”

நன்றி சொல்லிவிட்டால் எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரோடியிருக்கிறது. நன்றி வேறு, அனுமதி வேறு.

செய்திக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன வாக்கியத்துக்கு உண்டு. “காலத்தின் கோலத்தால் சிதிலமடைந்து கேட்பாரற்றுக் கிடக்கும் இத்திருக்கோயில்” என்று பத்திரிகையில் இருந்ததை “காலத்தின் கோலத்தால் பாழடைந்து கவனிப்பாரற்றுக் கிடக்கும் இக்கோயில்” என்று மாற்றிவிட்டு, சொந்தமாக எழுதினேன் என்கிறார்கள். எலும்புக்கூடு அதேதான். மூலத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் வாயால் எழுதுங்கள்; அப்போது “கோயில் பராமரிப்பின்றி இருக்கிறது” என்று மூன்றே வார்த்தையில் முடிந்துவிடும், கலைக்களஞ்சியத்துக்கு அதுவே அதிகம். விக்கியிலிருந்து விக்கிக்கு மொழிபெயர்த்தாலும் மூலக் கட்டுரையின் பெயரைத் தொகுப்புச் சுருக்கத்தில் சொல்லியாக வேண்டும். கருவி தானாகச் செய்துவிடும், கையால் மொழிபெயர்ப்பவர்கள்தான் மறந்துவிடுகிறார்கள்.

நாட்டுடைமை நூல் விஷயத்தில் ஒரு பொறி உண்டு. பாரதியில் தொடங்கிப் பலருடைய எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. மற்றவர்களுக்கு 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டு உரிமை உண்டு. 1965-ல் இறந்தவரின் எழுத்து 2026 ஜனவரி 1-ல் விடுபட்டது. ஆனால் நந்தனம் புத்தகக் கண்காட்சியில் நீங்கள் வாங்கிய புதுப் பதிப்பின் முன்னுரையும் அடிக்குறிப்பும் அட்டைப்படமும் அவருடையவை அல்ல. மூலத்தை ஏற்றுங்கள், அட்டையை விட்டுவிடுங்கள்.

“அரசாங்கப் படம்தானே, பொதுச் சொத்துதானே” என்பதும் நடக்காது. நாசா படங்கள் தாராளமாகக் கிடைப்பது அமெரிக்கச் சட்டத்தின் தயவு. இந்தியாவில் அரசுப் படைப்புக்கும் வெளியான பிறகு 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. திறந்த உரிமத்தில் வெளியிட்டதாகத் தெளிவாகச் சொல்லியிருந்தால் மட்டும் எடுக்கலாம்.

அப்போ நாமே எடுத்த படம்? பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிலையையும் கட்டடத்தையும் படமெடுக்கச் சட்டம் விலக்கு தருகிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959-ல் மெரினாவில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையைத் தாராளமாக விக்கிமீடியாவின் படக் கிடங்கான பொதுவகத்தில் ஏற்றலாம். அந்த விலக்கு ஓவியத்துக்குப் பொருந்தாது. கண்ணகி நகர்ச் சுவரோவியங்களை எவ்வளவு அழகாக எடுத்திருந்தாலும் ஓவியரின் அனுமதி இல்லாமல் பொதுவகத்தில் நிற்காது. அங்கே நியாயப் பயன்பாடு என்ற வாதத்துக்கும் இடமில்லை.

நண்பர் எடுத்த படத்துக்கு வாட்ஸப்பில் “விக்கிப்பீடியாவுல போட்டுக்கோங்க” என்று அனுமதி வாங்குகிறீர்கள். போதாது. விக்கிப்பீடியாவுக்கு மட்டும், வணிகத்துக்குக் கூடாது என்ற நிபந்தனைகளைப் பொதுவகம் ஏற்காது. யார் வேண்டுமானாலும், விற்பனைக்காகக்கூட, பெயரைச் சொல்லிப் பயன்படுத்தலாம் என்று அவரே மின்னஞ்சலில் உறுதி தர வேண்டும், அல்லது அவரே ஏற்ற வேண்டும். நாளைக்குச் சிவகாசியில் ஒருவர் அந்தப் படத்தை காலண்டரில் அச்சடித்து விற்றாலும் காசு வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்டதும் பாதிப் பேர் பின்வாங்குவார்கள், பின்வாங்கட்டும். ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால், பிறகு உங்களுக்குச் சண்டை மிச்சம்.