சர்வர் சிப்பா, டெஸ்க்டாப் சிப்பா? வேலைக்கு எத்தனை யூனிட் என்று அளந்து பார்க்கும் முறை

கோயமுத்தூர் கணபதியில் எங்கள் மாமாவுக்கு ஒரு பம்பு பட்டறை இருக்கிறது. இம்பெல்லரை வார்ப்புக்கு அனுப்பும் முன் ஓப்பன்ஃபோம் என்ற நிரலில், கணினிக்குள்ளேயே தண்ணீர் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. அதற்காக ஏஎம்டியின் 16 கோர் டெஸ்க்டாப் சிப் ரைசன் 9 7950எக்ஸ் ஒன்றும், செகண்ட் ஹேண்டில் வாங்கிய அதே கம்பெனியின் 32 கோர் சர்வர் சிப் எபிக் 7532 ஒன்றும் ஒரே மேசையில் ஓடுகின்றன. எதை வாங்கலாம் என்று கேட்கும் தம்பிகளுக்குப் போனில் சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன். லினக்ஸும் ஓப்பன்ஃபோமும் போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: மீட்டர்

பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் ஒன்று வாங்குங்கள். அது யூனிட்டைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். அந்த நொடி வாட்டை மட்டும் காட்டுவது போதாது. யூபிஎஸ்ஸுக்கும் கணினிக்கும் நடுவில் சொருகுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி ஏறுகிற கரண்டும் கணக்கில் சேர்ந்துவிடும். லினக்ஸில் டர்போஸ்டாட் என்ற கட்டளை சிப்பின் வாட்டைச் சொல்லும். ஆனால் விசிறி, போர்டு, பவர் சப்ளையில் சூடாகி வீணாவது எதுவும் அதில் வராது. எனக்கு மீட்டர் சொல்வதுதான் கணக்கு.

இரண்டு மெஷினையும் ஒரே நாளில் அளந்துவிடுங்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியே வரும்போது விசிறி தணிந்து ஓடும். சித்திரையில் அதே விசிறி கத்தும்.

படி 2: சும்மா இருக்கும்போது

எந்த வேலையும் கொடுக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள். என் எபிக் மெஷின் சும்மாவே 100 வாட் பக்கம் இழுக்கிறது. ராமையும் பிசிஐ லேன்களையும் (கார்டும் டிஸ்க்கும் இணையும் பாதைகள்) பார்த்துக்கொள்ளும் பெரிய நடுச்சில்லு அதில் தனியாக இருக்கிறது. கோர்கள் தூங்கினாலும் அது தூங்குவதில்லை. 100 வாட் என்றால் ஒரு நாளுக்கு 2.4 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 144 யூனிட். வீட்டு இணைப்பில் ஓட்டினால் இலவச 100 யூனிட்டும் இதற்கே போய்விடும். தினம் இரண்டு மணி நேர வேலைதான் என்றால், முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

படி 3: ராம், நான் மாட்டிக்கொண்ட இடம்

எபிக் வந்த புதிதில் இரண்டு 64 ஜிபி ராம் மட்டும் போட்டேன். 128 ஜிபி தாராளம் என்று நினைப்பு. ஓட்டிப் பார்த்தால் பாதி கோர் உள்ள ரைசன் முன்னால் முடித்தது. சிப் பழுது என்றே நினைத்து, மூன்று நாள் பயாஸை நோண்டிக்கொண்டிருந்தேன்.

காரணம் ராம் பாதை. சிப்புக்கும் ராமுக்கும் நடுவில் உள்ள ஒவ்வொரு பாதையும் ஒரு சேனல். 3200 வேக டிடிஆர்4 ராம் ஒரு சேனலுக்கு நொடிக்கு 25.6 ஜிபி தரும். எபிக்கில் எட்டு சேனல். எட்டிலும் போட்டால் 204.8. நான் போட்டது இரண்டு, ஆக 51.2. பக்கத்தில் ரைசனோ 5200 வேக டிடிஆர்5 இரண்டு சேனலில் 83.2 ஜிபி வாங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓட்டக் கணக்கில் கோர்கள் பெருக்கிக் கழிக்கிற நேரத்தை விட ராமிலிருந்து எண்கள் வந்து சேரக் காத்திருக்கிற நேரம்தான் அதிகம். பெரிய கிணறு வெட்டி அரை இஞ்ச் குழாய் போட்ட கதையாகிவிட்டது.

இரண்டையும் விற்றுவிட்டு 16 ஜிபி ராம் எட்டு வாங்கினேன். மொத்தம் அதே 128தான், ஆனால் மெஷினே வேறு மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் போட்டதும் முதலில் ஸ்ட்ரீம் என்ற சின்ன நிரலை ஓட்டி நொடிக்கு எத்தனை ஜிபி என்று பாருங்கள். காகிதத்தில் உள்ள 204.8 முழுதாக வராது. பாதிக்கும் கீழே வந்தால் எங்கோ சேனல் விட்டுப்போயிருக்கிறது. சிப்பின் வேகத்தை ஒப்பிட எல்லோரும் ஓட்டும் சினிபெஞ்ச் சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது, அதனால் இந்த வேலைக்கு அதை நான் தொடுவதே இல்லை.

படி 4: உண்மையான வேலை

உங்கள் சொந்த மெஷ்ஷையே (பம்பின் உள்ளிடத்தைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்த மாதிரி) ஓட்டுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் ஓடுவதாக இருக்கட்டும், அப்போதுதான் மீட்டரில் யூனிட் தெளிவாகத் தெரியும். எபிக்கில் பயாஸில் என்பிஎஸ் 4 வையுங்கள் (சிப்பையும் ராம் சேனல்களையும் நான்கு பகுதியாகப் பிரிக்கும் அமைப்பு), எஸ்எம்டியை (ஒரு கோரை இரண்டாகக் காட்டும் வசதி) அணையுங்கள், ஓப்பன்ஃபோம் வேலையைப் பிரித்துக்கொடுக்கும் ஒவ்வொரு புராசஸையும் ஒரு கோரில் கட்டுங்கள். பிறகு 8, 16, 24, 32 கோரில் ஓட்டி நேரத்தையும் யூனிட்டையும் எழுதுங்கள்.

வாட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 400 வாட் இழுத்து ஒரு மணி நேரத்தில் முடிக்கும் மெஷினுக்கு 0.4 யூனிட். 250 வாட் இழுத்து இரண்டு மணி நேரம் ஓடுவதற்கு 0.5. எட்டு சேனலும் நிறைந்த பிறகு என் மெஷ்ஷுக்கு எபிக்தான் சீக்கிரமும் முடித்தது, யூனிட்டும் குறைவாக எடுத்தது. ஆனால் கேட் (CAD) வரைபடம் திறப்பது, ஒற்றைக் கோரில் ஓடும் வேலை எல்லாம் ரைசனில்தான், அது 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், எபிக் 3.3-ஐத் தாண்டாது. 64 கோர் எபிக் 7742 வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அதற்கும் அதே எட்டு சேனல்தான். இந்த வேலைக்கு நான் வாங்க மாட்டேன்.

படி 5: ரைசனை அடக்கி ஓட்டுதல்

7950எக்ஸ் தன் போக்கில் விட்டால் 230 வாட் வரை இழுக்கும். கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காக வோல்டேஜை ஏற்றுவதால் வரும் செலவு அது. சிப் இழுக்கும் மின்சாரம் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப ஏறும். வேகமோ அப்படி ஏறாது. சர்வர் சிப்புகள் நிறைய கோர்களை மெதுவாக ஓட்டுவதும் இதனால்தான். பயாஸில் ஈகோ மோடில் (மின்சாரத்துக்கு வரம்பு போடும் அமைப்பு) 65 வாட்டைத் தேர்ந்தெடுத்தால் வரம்பு 88 வாட்டுக்கு இறங்கும். கோர்கள் எப்படியும் ராமுக்காகக் காத்திருக்கும் வேலையில் இதனால் வரும் நஷ்டம் மிகக் குறைவு. வாங்கிய அன்றே இதைச் செய்துவிடுங்கள்.

சேர்த்தது: பெருந்துறையிலிருந்து ஒரு தம்பி, "அண்ணா, எட்டு ராம் போட்டேனுங்க, ஆறுதான் தெரியுது" என்று எழுதியிருந்தார். ராமை மாற்றிப் பார்க்கும் முன் சிப்பின் மேல் சட்டத்தைப் பாருங்கள். அதில் 1, 2, 3 என்று எண் போட்ட மூன்று ஸ்க்ரூ இருக்கும். அந்த வரிசையிலேயே, டார்க் டிரைவர் (குறித்த அளவு முறுக்கு வந்ததும் விட்டுவிடும் ஸ்க்ரூ டிரைவர்) 'டக்' என்று விடும் வரை முடுக்க வேண்டும். கழற்றும்போது 3, 2, 1. கையால் குத்துமதிப்பாக முடுக்கினால் ஒரு பக்கம் சரியாக அழுந்தாமல் அந்தப் பக்க ராம் காணாமல் போகும். தம்பி கழற்றி முடுக்கியதும் எட்டும் வந்துவிட்டது.

மறுபடியும் சேர்த்தது: ஈரோட்டு நண்பர் ஒருவர் வாங்கிய எபிக் எந்தப் போர்டிலும் உயிர் பெறவில்லை. சில கம்பெனிகளின் சர்வரில் ஒருமுறை ஓடிய எபிக், அந்தக் கம்பெனி போர்டோடு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். திறக்க வழி கிடையாது. வாங்கும் முன் பூட்டில்லாத சிப்பா என்று எழுத்தில் கேளுங்கள். முடிந்தால் போர்டோடு சேர்த்து, ஓடுகிற நிலையில் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்ட்ரீம் எண்ணையும் யூனிட்டையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.