புது ரோடு பைக்கில் டயரை மாற்றும் முன்: நாம் செய்யும் தவறுகள்

எங்கள் தெருத் தம்பி ஒருவன் காட்பாடியில் படிக்கிறான். ஒரு வருடம் பணம் சேர்த்து ரோடு பைக் வாங்கினான். ரோடு பைக் என்று நான் சொல்வது மோட்டார் வண்டியை இல்லை, கைப்பிடி கீழ்நோக்கி வளைந்த, டயர் ஒல்லியான பந்தய சைக்கிளை. வாங்கிய பத்தாவது நாளே கம்பெனி டயர்களைக் கழற்றிவிட்டு, விலை உயர்ந்த ஒரு ஜோடியைப் போட்டான். வந்த டயர் மட்டமானது, அதனால்தான் பஞ்சர் ஆகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு அமிர்தி போகும் வழியில் ஒரே காலையில் இரண்டு முறை பஞ்சர். இரண்டும் பின் சக்கரத்தில்தான், அதுவும் ஒரே இடத்தில்.

வீட்டுக்கு வந்ததும் டயரைப் பிரித்து உள்பக்கம் விரலை ஓட்டினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுக்கத் தடவிக்கொண்டே வந்தபோது ஓர் இடத்தில் இழை சிக்கியது. சீமைக்கருவேல முள்ளின் நுனி அது, ஒரு அரிசி அளவுகூட இல்லை. வெளியே இருந்த பாகம் ஒடிந்து போய், நுனி மட்டும் ரப்பருக்குள் உட்கார்ந்திருந்தது. முதல் பஞ்சரில் டியூபை மட்டும் மாற்றிவிட்டு அவன் கிளம்பியிருக்கிறான். புது டியூபும் அதே முள்ளில் போய் உட்கார்ந்துவிட்டது. முள்வாங்கியால் பிடித்து இழுத்தபின் அந்த டயர் இன்றுவரை ஓடுகிறது.

இதனால்தான், "டயர் மாற்றலாமா?" என்று யாராவது கேட்டால், "இப்போது எவ்வளவு காற்று வைத்து ஓட்டுகிறீர்கள், பஞ்சர் ஆனால் ஓட்டை டியூபில் எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று நான் முதலில் கேட்கிறேன். பெரும்பாலும் இரண்டுக்கும் பதில் கிடைக்காது. அது தெரியாமல் டயரை மாற்றினால் பணம்தான் போகும், பஞ்சர் போகாது.

காற்று விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டயரின் பக்கவாட்டில் 'அதிகபட்சம் 120 பிஎஸ்ஐ' என்ற மாதிரி ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள் (பிஎஸ்ஐ என்பது காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). அதற்கு மேல் அடிக்காதே என்பது அதன் பொருள். நம்மில் பலர் அதையே அடிக்க வேண்டிய அளவு என்று எடுத்துக்கொள்கிறோம். 60, 65 கிலோ எடை உள்ள ஒருவருக்கு 25 மில்லிமீட்டர் அகல டயரில் 75 முதல் 85 பிஎஸ்ஐ போதும். 28 மில்லிமீட்டர் என்றால் 65 முதல் 75. எடை கூடினால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். பின் சக்கரம்தான் அதிக பாரத்தைச் சுமக்கிறது. அதனால் முன் டயரைவிட அதில் ஐந்து பிஎஸ்ஐ கூடுதலாக இருக்கட்டும்.

கல் மாதிரி அடித்தால் வேகமாகப் போகும் என்பது வழவழப்பான தளத்துக்குத்தான் ஓரளவு பொருந்தும். பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும்வரை வித்தியாசம் தெரியாது. ஆரணி சாலையில் ஜல்லி துருத்திக்கொண்டிருக்கும் பகுதிக்கு வந்ததும், காற்று அதிகமான டயர் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடும். மிதித்த சக்தியில் ஒரு பங்கு அந்தக் குலுக்கலிலேயே கரைகிறது. கை மரத்துப் போகிறது, இடுப்பு வலிக்கிறது, கம்பெனி டயர் சரியில்லை என்று பேர் வருகிறது. 15 பிஎஸ்ஐ குறைத்துவிட்டு அதே சாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். புது டயர் போட்ட மாதிரி இருக்கும், ஒரு பைசா செலவில்லை.

வேலூர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். விடியற்காலை 25 டிகிரியில் 80 பிஎஸ்ஐ அடித்துவிட்டுக் கிளம்புகிறீர்கள். கத்திரி வெயிலில் டயருக்குள் இருக்கும் காற்று 45 டிகிரிக்குச் சூடானால், அதே காற்று 86 பிஎஸ்ஐ ஆகிவிடும். 80 அடித்தவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. உச்ச வரம்பை ஒட்டி அடித்தவர், வண்டியை டீக்கடை வாசலில் வெயிலில் சாத்தி வைத்துவிட்டு உள்ளே போனால், 'டமார்' என்ற சத்தம் கேட்டு வெளியே ஓடிவர நேரலாம். மொட்டை மாடியில் வண்டியை நிறுத்தும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ரப்பர் வெயிலில் காய்ந்து பக்கவாட்டில் வெடிப்பு விழும்.

குறைவாக அடிப்பதும் தவறுதான். பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்தது போல் அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும். அப்படி ஜோடியாக ஓட்டை இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம், காற்றுதான் போதவில்லை.

விரலால் அழுத்திப் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. 60-ம் 100-ம் விரலுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே புது வண்டியோடு நீங்கள் முதலில் வாங்க வேண்டியது டயரை இல்லை, மீட்டர் வைத்த நின்று அடிக்கும் பம்பை. ஒல்லி டயரில் காற்று சீக்கிரம் இறங்கும், நீண்ட தூரம் கிளம்பும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ரோடு பைக்குகளில் பெரும்பாலும் பிரெஸ்டா என்ற ஒல்லியான, நுனியில் திருகு உள்ள வால்வுதான் இருக்கும். நம் பஞ்சர் கடைப் பம்பு அதில் மாட்டாது. சின்ன பித்தளை அடாப்டர் ஒன்றை இருக்கைப் பையில் போட்டு வையுங்கள். பெட்ரோல் பங்க் காற்றை நம்ப வேண்டாம். அது காருக்கும் ஸ்கூட்டருக்கும் ஏற்ற அளவில் வேலை செய்வது.

அடுத்து, ஓட்டையைப் படிக்கத் தெரிய வேண்டும். டயர் மாட்டும்போது அதன் மேல் உள்ள பெயர் வால்வுக்கு நேராக வருமாறு மாட்டுங்கள். பஞ்சர் ஆனால் டியூபில் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து, டயரிலும் அதே தூரத்தில் தேடலாம். ஓட்டை வெளிப்புறம் இருந்தால் முள், கண்ணாடி, கம்பி. நெடுஞ்சாலை ஓரத்தில் வெடித்துக் கிடக்கும் லாரி டயர்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றிலிருந்து உதிர்ந்த தலைமுடி போன்ற எஃகுக் கம்பிதான் நமக்கு முள்ளைவிடப் பெரிய எதிரி. எந்த டயரையும் மெதுவாகக் குடைந்துகொண்டு உள்ளே போகும். லாரிகளின் சக்கரம் படாத ஓரத்தில்தான் இந்தக் குப்பை சேர்கிறது. வெள்ளைக் கோட்டுக்கு வெகுதூரம் வெளியே ஒதுங்கிப் போனால் பாதுகாப்பு என்று நினைத்து நாம் அந்தக் குப்பை மேலேயே ஓட்டுகிறோம்.

ஓட்டை டியூபின் உட்புறம், அதாவது ரிம் பக்கம் இருந்தால் டயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப் விலகியிருக்கும். உலகத்திலேயே சிறந்த டயரைப் போட்டாலும் அந்தப் பஞ்சர் தொடரும்.

சரி, இவ்வளவும் பார்த்தாயிற்று. அப்புறம் மாற்றலாமா?

நியாயமாகச் சொன்னால், தொடக்க விலை ரோடு பைக்குகளில் வரும் டயர்கள் சுமார்தான். கம்பி பீடிங் (ரிம்மில் உட்காரும் விளிம்பில் கம்பி), தடித்த நூல் பின்னல், சீக்கிரம் தேயாத கெட்டி ரப்பர். ஒன்று 350 கிராமுக்கு மேல் இருக்கும். மடிக்கக்கூடிய நல்ல பந்தய டயர் 210 முதல் 250 கிராம். எடையை விட முக்கியமானது உருளும்போது வீணாகும் சக்தி. மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் உருளையில் ஓட்டிச் செய்யும் சோதனைகளில், கான்டினென்டல் கிராண்ட் பிரி 5000 போன்ற பந்தய டயருக்கும் கெட்டியான டயருக்கும் ஒரு சக்கரத்துக்கு ஏறத்தாழ 8, 10 வாட் வித்தியாசம் வருகிறது. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தால் 20 வாட் வரை. 150 வாட் போட்டு மிதிக்கும் சாதாரண ஆளுக்கு இது பெரிய விஷயம். இதே பணத்துக்கு வேறு எதை மாற்றினாலும் இவ்வளவு வித்தியாசம் காலுக்குத் தெரியாது.

ஆனால் நம் ஊர்க்காரர்கள் ஒன்றை எதிர்பார்த்து வேறொன்றை வாங்குகிறார்கள். பஞ்சர் ஆகக் கூடாது என்று கேட்டர்ஸ்கின் போன்ற கவச டயரை வாங்கிவிட்டு, வேகம் கூடவில்லையே என்கிறார்கள். கவசம் தடிமனாக இருந்தால் உருளும்போது சக்தி வீணாகத்தான் செய்யும். வேகமும் கவசமும் ஒரே டயரில் முழுசாகக் கிடைக்காது. உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

என் கருத்து இது. வாரக் கடைசியில் 30, 40 கிலோமீட்டர், நடுவில் கல்லூரிக்கோ வேலைக்கோ போய்வருவது என்றால், வந்த டயரைத் தேயும்வரை ஓட்டுங்கள். பஞ்சர் ஒட்டவும் டயர் பிரிக்கவும் அதிலேயே கைப்பழக்கம் வரட்டும். ஜோடி 8,000, 10,000 ரூபாய் டயரில் அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம். பதின்மூன்றரை மணி நேரத்தில் 200 கிலோமீட்டர் முடிக்கும் பிரவே என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்குத் தயாராகிறீர்கள், அல்லது மாதம் தவறாமல் ஏலகிரி ஏறுகிறீர்கள் என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அது முன் சக்கரத்துக்கு. பின் டயர் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம், முன் டயர் வழுக்கினால் விழுந்தபிறகுதான் தெரியும்.

ஏலகிரி என்றதும் இன்னொன்று. அந்தப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, ரிம் பிரேக் (ரிம்மையே இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பிரேக்) உள்ளவர்கள் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வரக் கூடாது. ரிம் சூடாகி, உள்ளே காற்று விரிந்து, டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடியுங்கள், நேர்ப்பாதையில் விட்டு ஆறவிடுங்கள். மேலே ஏறும்போது லேசாக இருக்கட்டும் என்று காற்றை ஏகத்துக்கும் அடித்துக்கொண்டு போனவருக்கு இறக்கத்தில் ஆபத்து இரட்டிப்பு.

அளவில் நடக்கும் குழப்பத்தைக் கண்ணால் பார்த்தேன். சத்துவாச்சாரி பக்கம் ஒரு பஞ்சர் கடையில், "அண்ணே, 28 டயர் இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். பழைய சைக்கிளில் போடும் பெரிய டயரை எடுத்து நீட்டிய கடைக்காரர், வண்டியைப் பார்த்ததும், "இது உங்க ரிம்முல உட்காராது தம்பி" என்று திரும்ப மாட்டிவிட்டார். நம் அப்பா காலத்துக் கறுப்பு சைக்கிளின் 28 என்பது அங்குலம், அதன் ரிம் அளவு 635 மில்லிமீட்டர். ரோடு பைக்கின் 700x28-ல் 28 என்பது டயரின் அகலம், ரிம் 622. டயரில் சின்னதாக 28-622 என்று போட்டிருக்கும். அந்த 622-தான் பொருந்த வேண்டும்.

அகலமான டயர் நல்லது என்று கேள்விப்பட்டு 32 வாங்குகிறவர்களும் உண்டு. நம் சாலைக்கு அகலம் நல்லதுதான், 25-ல் இருந்து 28-க்குப் போவதை நானே வற்புறுத்துவேன். ஆனால் ரிம் பிரேக் வண்டிகள் பலவற்றில் 25 அல்லது 28-க்கு மேல் இடமில்லை. முன் கவையிலும் பின் சட்டத்திலும் எல்லாப் பக்கமும் 4 மில்லிமீட்டராவது இடைவெளி மிஞ்ச வேண்டும். உங்கள் ரிம்மில் 'ஹுக்லெஸ்' (டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாதது) என்று எழுதியிருந்தால் அதற்கென்று அனுமதித்த டியூப்லெஸ் டயரை மட்டுமே போடுங்கள், 72 பிஎஸ்ஐ தாண்டாதீர்கள். இதில் துணிச்சல் வேண்டாம்.

வழவழ டயர் மழையில் வழுக்கும் என்ற பயம் தேவையில்லாதது. 80 பிஎஸ்ஐ உள்ள டயர் தண்ணீர் மேல் மிதக்க மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஐப்பசி மழையில் நம்மைக் கவிழ்ப்பது வெள்ளைக் கோடும், முதல் மழையில் மேலே வரும் எண்ணெயும், லாரியிலிருந்து வளைவில் கொட்டிய மணலும்தான். மழை நாளில் பஞ்சர் கூடுவதும் உண்மை. ஈரம் பட்ட கண்ணாடியும் கம்பியும் ரப்பரைச் சுலபமாக அறுக்கும்.

மாற்றும் நேரத்தை டயரே காட்டும். நடுப்பகுதி வட்டம் போய்த் தட்டையாகும், சில டயர்களில் தேய்மானம் காட்டும் இரண்டு சின்னக் குழிகள் மறையும், நூல் எட்டிப்பார்க்கும். பின் டயர்தான் முதலில் தேயும். அப்போது முன் டயரைப் பின்னுக்குப் போட்டு, புதியதை முன்னால் மாட்டுங்கள். தேய்ந்த பின் டயரை முன்னால் போடவே கூடாது. வழியில் டயர் கிழிந்தால், டூத்பேஸ்ட் டியூபை வெட்டித் துடைத்த ஒரு துண்டை உள்ளே வைத்து, காற்றைக் குறைத்து வீடு வரை வரலாம். நான் எப்போதும் ஒன்று வைத்திருக்கிறேன், பள்ளிகொண்டாவிலிருந்து ஒருமுறை அதில்தான் வந்தேன்.

புது டயர் மாட்டும்போது பக்கவாட்டில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்கள். கடைசி ஒரு சாண் இறுக்கமாக இருக்கும், அதை லீவரால் தள்ளினால் டியூப் கடிபடும். எதிர்ப்பக்கத்து பீடிங்கை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டே வந்தால் கட்டை விரலாலேயே ஏறிவிடும். கழற்றிய கம்பெனி டயர்களைத் தூக்கிப் போடாதீர்கள். வீட்டுக்குள் டிரெய்னரில் (வண்டியை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஸ்டாண்டில்) ஓட்டினால் டயர் சீக்கிரம் தேயும், அதற்கு இவை போதும். மடிக்காமல் வட்டமாகவே நிழலில் மாட்டி வையுங்கள், மடித்தால் பீடிங் கம்பி நெளிந்து மறுபடி ரிம்மில் ஒழுங்காக உட்காராது.