"இது போங்கு!": கேம்புக் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முக்கொம்பில் பரிசல் நிற்கிறது. இடது பக்கம் கொள்ளிடம், வலது பக்கம் காவிரி. "இடது பக்கம் போனால் 12, வலது பக்கம் போனால் 31."

நான் எழுதிய முதல் கேம்புக், அதாவது வாசகரே வழியைத் தேர்ந்தெடுத்துப் போகும் கதைப் புத்தகம், இப்படித்தான் தொடங்கியது. ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேபிள் அடித்து, கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்து அண்ணன் மகளிடம் கொடுத்தேன். அவளுக்கு அப்போது 11 வயது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 12-ஐப் பிரித்தாள். "சுழலில் பரிசல் கவிழ்ந்தது. உன் பயணம் இங்கே முடிந்தது" என்று இருந்தது. புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தாள். "இது போங்கு, சித்தப்பா."

தோற்றதால் அவள் அப்படிச் சொல்லவில்லை. தாயத்தில் காய் வெட்டுப்பட்டால் சிரித்துக்கொண்டே மறுபடி உருட்டுகிறவள் அவள். கோபம் வந்தது வேறு விஷயத்துக்கு. யோசிக்கச் சொன்னேன், யோசிக்க எதையும் கொடுக்கவில்லை. இடதுக்கும் வலதுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை கூட இல்லை.

கேம்புக் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். கதை எண் போட்ட பத்திகளாக இருக்கும். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் என்ன செய்வது என்று வாசகர் முடிவு செய்து, அதற்குரிய எண்ணுக்குத் தாவ வேண்டும். இதில் பகடையையும் சண்டையையும் சேர்த்து மாயாஜால உலகத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிய அளவில் பரப்பியது, 1982-ல் பிரிட்டனில் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் எழுதி வெளிவந்த 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்'. அதில் மொத்தம் 400 பத்திகள். இன்று ட்வைன் போன்ற இலவச மென்பொருளில் இதையே கணினிக்கும் எழுதலாம். தாளோ திரையோ, தவறுகள் ஒன்றுதான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு நான் செய்ததுதான், கண்ணைக் கட்டிவிட்டு வழி கேட்பது. அதே முக்கொம்பை இரண்டாவது முறை இப்படி எழுதினேன்:

"மேற்கே மூன்று நாளாக மழை. ஆறு செம்மண் நிறத்தில் நுரைத்து வருகிறது. கரையில் வலை உலர்த்தும் கிழவர் உன்னைப் பார்க்கிறார். 'வெள்ளமெல்லாம் கொள்ளிடத்துப் பக்கம்தான் போவுது, கண்ணு. அதுல இறங்குனா விடியுறதுக்குள்ள கடல்தான். காவிரியில மெதுவாத்தான் போவலாம். ஆனா ரெண்டு கரையிலயும் ஊர் இருக்கு, கூப்பிட்டா ஆள் வரும்.' கொள்ளிடத்தில் இறங்கினால் 12. காவிரியில் போனால் 31."

இப்போது யோசிக்க விஷயம் இருக்கிறது. நேரம் முக்கியமா, உயிர் முக்கியமா? கையில் எத்தனை நாள் இருக்கிறது? வெள்ள நீரைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்ளும் என்பது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே கொள்ளிடத்தில் இறங்கிப் பரிசல் கவிழ்ந்தாலும் யாரும் போங்கு என்று சொல்வதில்லை. "தெரிஞ்சேதான் இறங்கினேன்" என்கிறார்கள். அந்த ஒரு வாக்கியம் வாசகர் வாயிலிருந்து வந்துவிட்டால் உங்கள் கேம்புக் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இதோடு ஒட்டியதுதான் திடீர்ச் சாவு. பெட்டியைத் திறந்தால் சாவு, தண்ணீர் குடித்தால் சாவு என்று எழுதுவது எழுதுபவருக்குச் சுலபம், ஒரு கிளை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் எச்சரிக்கை இல்லாமல் சாகடித்தால் வாசகர் அடுத்த முறை விரலைப் பழைய பக்கத்திலேயே செருகி வைத்துக்கொண்டுதான் விளையாடுவார். மூன்று விரல் மூன்று பக்கத்தில் இருந்தால் அவர் உங்களை நம்பவில்லை. சாவுக்குப் பதிலாக எதையாவது பறித்துக்கொள்ளுங்கள். துடுப்பு போகட்டும், அரிக்கேன் விளக்கு அணையட்டும், ஒரு இரவு வீணாகட்டும். இருட்டில் துடுப்பில்லாமல் நிற்பவருக்கு அடுத்த பத்தியைப் படிக்கும் ஆசை கூடும்.

சரி, எச்சரிக்கையை எங்கிருந்து எடுப்பது? இங்கேதான் பலர் கையிலிருக்கும் வெண்ணெயை விட்டுவிட்டு நெய்க்கு அலைகிறார்கள். டிராகன், கோட்டை, குள்ளர்கள் என்று எழுதினால், டிராகன் எதற்குப் பயப்படும் என்பதை முதலில் இரண்டு பக்கம் விளக்க வேண்டியிருக்கிறது. நம் ஊர்ப் பேய்களுக்கு அந்த விளக்கம் வேண்டாம். இரவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், இரும்பு கையில் இருந்தால் எதுவும் அண்டாது, கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பாட்டிகள் சொல்லிச் சொல்லி எல்லோர் மனதிலும் ஊறிய விதிகள் இவை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகு ஒதுங்குகிறது, தூரத்துச் சேற்றில் ஒரு வெளிச்சம் எரிந்து எரிந்து அணைகிறது என்று எழுதுங்கள். கொள்ளிவாய்ப் பிசாசு என்று நீங்கள் பெயர் கூடச் சொல்ல வேண்டாம். வாசகரின் கை தானாகவே பையிலிருக்கும் கத்தியைத் தேடும். அந்தக் கத்தியை அவர் 19-ஆம் பத்தியில் அரிசிக்குக் கொடுத்திருந்தால்? அந்த வயிற்றுக் கலக்கத்துக்காகத்தான் இந்தப் புத்தகத்தையே எழுதுகிறோம்.

அடுத்தது கிளைகளின் கணக்கு. ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு வழி, எந்த வழியும் மற்றொன்றோடு சேராது என்று வைத்துக்கொண்டால், பத்தாவது முடிவைத் தாண்டும்போது 1,024 கதைகள் நிற்கும். யாராலும் எழுதி முடிக்க முடியாது. இதற்குப் பயந்து சிலர் நேர் எதிராகப் போகிறார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அடுத்த பத்தியில் அதே கோயில் வாசல், அதே காவலாளி, அதே பேச்சு. இரண்டாவது முறை விளையாடும்போது குட்டு வெளிப்பட்டுவிடும், புத்தகம் அதோடு பரணுக்குப் போய்விடும்.

எனக்கு வழி காட்டியது ஆறுதான். முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு வந்து கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்குகின்றன. கல்லணையைத் தாண்டினால் கதை வேறு. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகி, அப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று பிரிந்துகொண்டே கடைமடைக்குப் போகிறது. கேம்புக்கின் நடுப்பகுதி ஸ்ரீரங்கம் போல இருக்கட்டும், பிரிந்து சேர்ந்து பிரிந்து சேர்ந்து. கடைசிக் கால்வாசி மட்டும் டெல்டா போல விரிந்து, ஒவ்வொருவரையும் வேறு வேறு கடற்கரையில் விடட்டும்.

சேர்கிற இடத்தில் ஒன்றை மறக்கக் கூடாது. எந்த வழியாக வந்தோம் என்பது அங்கே தெரிய வேண்டும். இதற்குச் சுலபமான உத்தி ஒரு சொல்லை எழுதிக்கொள்ளச் சொல்வது. கொள்ளிடத்தில் வந்தவர் தாளில் 'மணல்' என்று எழுதிக்கொள்கிறார். கல்லணையில் "உன் தாளில் மணல் இருந்தால் 88" என்று ஒரு வரி. 88-ல் காவலாளி ஈரத் துணியைப் பார்த்து, "வெள்ளத்துல நீந்தியா வந்தே?" என்று கேட்டால் போதும், வாசகருக்குத் தான் செய்ததை யாரோ கவனித்தது போல இருக்கும். ஆனால் இந்தச் சொற்களும் எண்களும் ஒரு சின்னத் தாளுக்குள் அடங்க வேண்டும். ஐந்தாறு வரிக்கு மேல் கணக்கு எழுத வைத்தால் பிள்ளைகள் பென்சிலைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

பகடைக்கு வருகிறேன். இங்கே நான் பட்ட பாடு பெரிது. ஆறு முகப் பகடைக்குப் பதிலாக நம் தாயக்கட்டையை வைத்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது. "தாயம் விழுந்தால் கதவு திறக்கும்" என்று மூன்று கதவுகளுக்கு எழுதினேன். பக்கத்து வீட்டுப் பையன் முதல் கதவிலேயே உருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அப்புறம்தான் கணக்குப் போட்டேன். ஒரு கட்டையில் நான்கு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டை சேர்ந்தால் 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது கூட்டினால் ஒன்று வருவது, இரண்டே விதம். எட்டில் ஒன்று. மூன்று கதவையும் முதல் உருட்டிலேயே தாண்ட 512-ல் ஒரு வாய்ப்பு. ஆறும், இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் வரும் பன்னிரண்டும் இன்னும் அரிது, ஒவ்வொன்றும் 16-ல் ஒன்று. அதிகம் விழுவது மூன்றுதான், 16-ல் நான்கு.

இப்போது "மூன்றும் அதற்கு மேலும் விழுந்தால்" என்று எழுதுகிறேன். 16-ல் 11 தடவை வெற்றி. கேட்கத் தாராளமாக இருக்கும். ஆனால் அதையே அடுத்தடுத்து மூன்று இடத்தில் வைத்தால் மூன்றையும் தாண்டுபவர் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். அதனால் உருட்டல் தோற்றாலும் கதை நகர வேண்டும். கதவு திறக்காவிட்டால் சுவரேறிக் குதிக்கலாம், ஆனால் கால் பிசகும். மேலே சொன்ன 1982 புத்தகத்தில் அதிர்ஷ்டத்துக்கு என்று ஓர் எண் உண்டு. அதைச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும், வென்றாலும் தோற்றாலும், அதில் ஒன்று குறையும். சண்டையின்போது சோதிப்பதா வேண்டாமா என்பது விளையாடுபவரின் விருப்பம். பகடை உருட்டுவதையே ஒரு முடிவாக மாற்றிய அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். அதிர்ஷ்டத்தையும் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

தமிழில் எழுதுபவர்களுக்கே உரிய இரண்டு தவறுகள் உண்டு. "நீ போகிறாய்" என்றால் அது ஆணா பெண்ணா என்று தெரியாது. இது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. அதை, வழியில் வரும் பாத்திரங்கள் "தம்பி", "என்னடா" என்று கூப்பிட்டுக் கெடுத்துவிடுகிறார்கள். அதுவரை தானே படகில் இருந்த பெண் பிள்ளை அந்த இடத்தில் கரையேறிவிடுகிறாள். கண்ணு, சாமி என்று இரு பாலுக்கும் பொதுவாகக் கூப்பிடும் சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. இன்னொன்று, "நீ குளத்தில் இறங்க விரும்பினால் பத்தி 47-க்குச் செல்லவும்" என்பது. ஒரு தடவை படிக்கலாம், இருநூறு தடவை வந்தால் அரசாங்கப் படிவம் போல ஆகிவிடும். "குளத்தில் இறங்கினால் 47" போதும்.

எண்களைக் கலைத்துப் போட மறக்காதீர்கள். 46-ல் எடுக்கும் முடிவின் பலன் அடுத்த பத்தியான 47-லேயே இருந்தால் கண் தானாகப் போய் அதைப் படித்துவிடும். கலைத்த பிறகு, எந்த எண்ணிலிருந்தும் வழி வராமல் தனியாகத் தொங்கும் பத்தி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். நான் நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் பத்திக்கு ஒன்றாக எழுதி, மொட்டை மாடியில் பரப்பி, சாக்பீஸால் கோடு இழுத்துப் பார்ப்பேன். 140 பத்திக்கு ஒரு மாடி சரியாகப் போகும்.

பிறகு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். எந்தப் பத்தியில் விரலைச் செருகுகிறார்கள், எங்கே படிக்காமல் நேராக எண்ணைத் தேடுகிறார்கள், எங்கே தலையைத் தூக்கி யோசிக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். திருத்திய பிரதியை அண்ணன் மகளிடம் கொடுத்த அன்று, முக்கொம்பில் அவள் வெகுநேரம் தலையைத் தூக்கியபடியே இருந்தாள். பிறகு தாயக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு 12-ஐப் பிரித்தாள்.