வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பும்போது சுங்கப் படிவத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளைகுடாவில் ஒருவராவது வேலை பார்க்காத தெரு எங்கள் குமரி மாவட்டத்தில் அரிது. ஓணமும் கிறிஸ்துமஸும் நெருங்கிவிட்டால் ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு எல்லாம் பெட்டிகளில் ஏறத் தொடங்கிவிடும். பலகாரம் சுட நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறவர்கள், சுங்கப் படிவத்தை மட்டும் கவுண்டரில் நின்றபடியே அவசரமாகக் கிறுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு கேட்பதில்லை. பார்சல் போய்ச் சேரும் நாட்டின் சுங்க அதிகாரிக்கு உங்களையும் தெரியாது, அதைப் பெறும் உங்கள் நண்பரையும் தெரியாது. படிவத்தில் இருப்பதை வைத்துத்தான் அவர் முடிவெடுப்பார்.

அதிகம் பார்சல்களை மாட்டிவிடுவது "உணவுப் பொருள்", "கிஃப்ட் ஐட்டம்" என்று ஒரே வரியில் முடிப்பதுதான். அஞ்சல் பார்சலுக்கான சி.என். 23 படிவத்தில் ஒவ்வொரு பொருளையும் தனித்தனி வரியில் எழுத இடம் உண்டு: என்ன பொருள், எத்தனை, நிகர எடை, மதிப்பு, எந்த நாட்டில் ஆனது. முந்திரிக்கொத்து என்று ஆங்கில எழுத்தில் எழுதினால் வெளிநாட்டு அதிகாரிக்கு ஒன்றும் விளங்காது. சிறுபயறு, வெல்லம், தேங்காய் சேர்த்து எண்ணெயில் பொரித்த இனிப்பு என்று ஆங்கிலத்தில் விளக்கி எழுதுங்கள். பொருள்களை வகைப்படுத்தச் சுங்கத்துறை வைத்திருக்கும் எண்ணான எச்.எஸ். குறியீட்டையும் விட்டுவிடாதீர்கள். அதன் முதல் 6 இலக்கங்கள் உலகம் முழுக்கப் பொது. பொடிக்காத நல்லமிளகுக்கு 090411, ஓடு நீக்கிய முந்திரிப்பருப்புக்கு 080132. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2021இல் இருந்து அஞ்சல் பார்சலுக்கும் உள்ளடக்க விவரத்தைக் கணினி வழியே முன்கூட்டியே கேட்கின்றன. மழுப்பலான விவரம் அங்கே செல்லாது.

அடுத்தது மதிப்பு. "கிஃப்ட்" என்று டிக் செய்தால் வரியே கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். விலக்குக்கு வரம்பு உண்டு. தனிநபர் அனுப்பும் அன்பளிப்புக்கு பிரிட்டனில் 39 பவுண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ. அதைத் தாண்டினால் நண்பர் வரி கட்ட வேண்டி வரலாம், முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். வரிக்குப் பயந்து நல்ல பட்டுச் சேலைக்கு நூறு ரூபாய் என்று எழுதாதீர்கள். அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் பெட்டியைப் பிரிப்பார். தொலைந்துபோனாலும் எழுதிய மதிப்புக்கு மேல் இழப்பீடு கேட்க முடியாது. சும்மா கொடுக்கிற பொருள்தானே என்று பூஜ்யம் போடுவதும் தவறு.

தடை விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் இதில் நண்பரே சிக்கலில் மாட்டலாம். கசகசா நமக்குக் குழம்பில் அரைக்கிற சாமான். ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, சிங்கப்பூர் நாடுகளில் அது தடைசெய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த இறைச்சி மசாலாவில் கசகசா சேர்த்திருந்தால் அனுப்பவே வேண்டாம். டிரமடால், கோடீன் என்னும் வலிநிவாரணிகள் கலந்த மாத்திரை, இருமல் மருந்துகளும் அப்படித்தான். "அவனுக்கு இங்கத்த மருந்துதான் கேட்கும்" என்று பலகாரத்துக்கு நடுவே செருகாதீர்கள். ஐரோப்பாவுக்கு இறைச்சி, பால்கோவா, நெய் கூடாது. நியூசிலாந்துக்குத் தேன் கூடாது. கன்னியாகுமரிக் கடற்கரைக் கடைகளில் வாங்கும் அலங்காரப் பொருளில் பவளத் துண்டு இருந்தால் இங்கேயே பிரச்சினை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பவளங்கள் பாதுகாக்கப்படுகின்றன.

பெயரும் முகவரியும் சின்ன விஷயம்போலத் தெரியும். வீட்டுப் பெயரையோ செல்லப் பெயரையோ போடாமல், நண்பரின் அடையாள அட்டையில் உள்ளபடி எழுதுங்கள். வளைகுடா முகவரியில் அங்கத்து கைபேசி எண் அவசியம், தபால் பெட்டி எண் இருந்தால் அதையும் சேருங்கள். உங்கள் அடையாள அட்டை நகலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அப்புறம், பெட்டியை ஒட்டிவிட்டு அஞ்சலகத்துக்குப் போகாதீர்கள், திறந்து காட்டச் சொல்வார்கள். பார்சல் போட்டதும் ரசீதையும் படிவத்தையும் படம் எடுத்து நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அங்கே சுங்கத்தில் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.