கடிச்சது கொசுவா, மூட்டப்பூச்சியா, வேற எதாவதா? தடிப்ப விடுங்க, மொதல்ல கட்டில பாருங்க

எங்க வீடு கொருக்குப்பேட்ட, பக்கிங்ஹாம் கால்வாய்லேந்து நடந்தா அஞ்சு நிமிஷம். இந்தப் பக்கம் இருக்கவங்களுக்கு ஒடம்புல எங்க என்ன தடிச்சாலும் பழி கொசு மேல தான் போகும், ஏன்னா கொசுவும் அப்டி தான இருக்கு, சாயந்தரம் ஆறு மணிக்கு ஜன்னல் சாத்தலன்னா நம்மள தூக்கிட்டுப் போயிடும். போன வருஷம் என் பொண்ணு கையில திடீர்னு தடிப்பு தடிப்பா வர ஆரம்பிச்சுது. நானும் கொசு தான்னு நெனச்சு லிக்விட் ரெண்டு பாட்டில் காலி பண்ணேன், கொசுவத்தி வேற, கடைசியில வலையும் கட்டுனேன். வலைக்குள்ள படுத்தும் காலையில புதுசா நாலு தடிப்பு. அப்பவே எனக்கு ஒறச்சிருக்கணும், ஒறைக்கல.

பக்கத்து வீட்டு ஆயா தான் அவ கைய திருப்பிப் பாத்துட்டு, "இன்னா கண்ணு, கொசு இன்னா ஸ்கேல் வெச்சா கடிக்கும்? கட்டில தட்டிப் பாரு"ன்னாங்க. அன்னிக்கு நைட்டு ரெண்டு மணிக்கு லைட்ட போடாம செல்போன் டார்ச்ச மட்டும் மெத்தையோட தையல் ஓரத்துல அடிச்சேன். மைசூர் பருப்பு மாதிரி சப்பட்டையா, செம்பழுப்பு கலர்ல ஒண்ணு மெதுவா தையலுக்குள்ள போவுது. பக்கத்துலயே பேனா மை சொட்டுன மாதிரி கருப்புப் புள்ளி ஒரு கொத்து, ஈரத் துணியால தொடச்சா செம்பழுப்பா இழுவுது. அது மூட்டப்பூச்சியோட கழிவு, செரிச்ச ரத்தம். கட்டில் நாங்க செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, வித்தவரு "புதுசு மாதிரி இருக்குமா"ன்னு சொல்லி தான் குடுத்தாரு.

அதுக்கப்புறம் இதப் பத்தி நெறைய படிச்சேன், டாக்டருங்க கிட்டயும் கேட்டேன். ஒண்ணு நல்லா புரிஞ்சுது, தடிப்ப மட்டும் உத்து உத்துப் பாத்து எது கடிச்சதுன்னு சொல்றது ரொம்ப கஷ்டம், ஸ்கின் டாக்டருக்கே கஷ்டம். ஏன்னா அந்தத் தடிப்பு பூச்சி போடுறது இல்ல, பூச்சியோட எச்சிலுக்கு நம்ம ஒடம்பு காட்டுற ரியாக்‌ஷன். ஒரே மூட்டப்பூச்சி என் பொண்ணுக்கு பட்டாணி சைஸ்ல வீங்க வெச்சுது, அதே கட்டில்ல படுக்குற எங்க வீட்டுக்காரருக்கு ஒரு புள்ளி கூட இல்ல, அவரு பாட்டுக்கு "உங்களுக்கு தான் சென்சிட்டிவ் ஸ்கின்னு"ன்னு லெக்சர் குடுத்துட்டு இருந்தாரு. அதனால நீங்க கேக்க வேண்டிய கேள்வி வேற: ஒடம்புல எந்த எடத்துல, எந்த நேரத்துல, வீட்டுல வேற யாருக்கு, அரிக்குதா இல்ல எரியுதா. இந்த நாலுக்கும் பதில் கெடைச்சா முக்காவாசி ஆள புடிச்சிடலாம்.

கொசுவுலேந்து ஆரம்பிப்போம். கொசு கடிச்சா சில நிமிஷத்துலயே வெளுத்த மாதிரி உப்பும், அரிக்கும், பெரும்பாலும் சில மணி நேரத்துல அமுங்கிடும், சிலருக்கு மறுநாள் சின்ன செவப்புப் புள்ளியா நிக்கும். மூடாத எடத்துல தான் இருக்கும், கை, கால், முகம், அதுவும் வரிசையில்லாம அங்கொண்ணு இங்கொண்ணா. நேரத்த பாத்தா எந்தக் கொசுன்னும் ஓரளவு சொல்லலாம். கால்வாய், ஓட்டேரி நல்லாங்கற ஓடை, சாக்கடை இதுலல்லாம் வளர்றது க்யூலெக்ஸ், சாயந்தரத்துலேந்து விடிய விடிய காதுகிட்ட பாட்டு பாடுறது அது தான், யானைக்கால் பரப்புறதும் அது தான். பட்டப்பகல்ல, குறிப்பா காலையிலயும் பொழுது சாயறதுக்கு முன்னாடியும், சத்தமே இல்லாம கணுக்கால்ல கடிக்கிறது ஏடிஸ், டெங்கு கொசு. காலுல வெள்ளப் பட்டை இருக்கும். இது பெரும்பாலும் சாக்கடைக்குப் போறதில்ல, நம்ம மெட்ரோ வாட்டர் லாரிலேந்து புடிச்சு வெக்கிற ட்ரம்முல தான் குடும்பம் நடத்துது. முட்டையிலேந்து கொசுவா பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால வாரத்துல ஒரு நாள் ட்ரம்ம காலி பண்ணி உள்பக்கத்த ப்ரஷ் போட்டு தேய்ச்சே ஆகணும், சும்மா கவுத்துட்டு திருப்பி புடிச்சா முட்டை செவுத்துல ஒட்டிக்கிட்டே இருக்கும். சுருக்கமா, பகல்ல கடி வாங்குனா கால்வாய திட்டாதீங்க, உங்க ட்ரம்ம பாருங்க.

மூட்டப்பூச்சி தூங்கும்போது தான் வரும், விடியறதுக்கு முன்னாடி அதுக்கு நல்ல நேரம். கடிக்கும்போது தெரியவே தெரியாது. மூணு நாலு தடிப்பு ஒரு கோடு மாதிரியோ கொத்தாவோ இருக்கும், கழுத்து, தோள், கை, மெத்தையில படுற பக்கம். ஆனா கோடு இல்லன்னா மூட்டப்பூச்சி இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க, கோடு இருந்தா கட்டாயம் அது தான்னும் இல்ல. தடிப்பு சில பேருக்கு ரெண்டு மூணு நாள் கழிச்சு கூட வரும், அதனால தான் ஊருக்கு ட்ரெயின்ல போய்ட்டு வந்தவங்களுக்கு வீட்டுக்கு வந்தப்புறம் தடிச்சா வீட்டுலயே கடிச்ச மாதிரி தோணும். ஊர்ஜிதம் பண்ண ஒரே வழி ஆள நேர்ல பாக்குறது தான்: மெத்தை தையல், கட்டில் மூலை ஜாயிண்ட், ஸ்க்ரூ ஓட்டை, செவுத்துல மாட்டுன காலண்டர் பின்னாடி, ஸ்விட்ச் போர்டு இடுக்கு. தலகாணி ஒறையில சின்னச் சின்ன ரத்தக் கறை இருந்தாலும் சந்தேகப்படுங்க.

அத ஒழிக்கிறது தனிக் கதை, இருந்தாலும் ரெண்டு வார்த்த. மெத்தைய வெயில்ல போட்டா மட்டும் சாவாது, நிழல் பக்கமா நகந்து ஒளிஞ்சுக்கும். நாங்க மரக்கட்டில பிரிச்சு ஜாயிண்ட்ல கொதிக்கிற தண்ணி ஊத்துனோம், துணியெல்லாம் வெந்நீர்ல ஊறப்போட்டோம், முட்டை பொரிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும்ங்கறதால அத மூணு வாரத்துக்குத் திரும்பத் திரும்ப பண்ணோம். மண்ணெண்ணெ ஊத்துற பழக்கம் இன்னும் இருக்கு, வேணாங்க, பக்கத்துலயே கேஸ் அடுப்பு இருக்க ஒத்த ரூம் வீடு நம்மளுது. கட்டில் காலுக்கு கிண்ணத்துல தண்ணி வெக்கிறவங்க அதுல கொஞ்சம் சோப்புத் தூள் போட்டுடுங்க, இல்லன்னா மூட்டப்பூச்சிய தடுக்கப் போய் டெங்கு கொசுவ வளக்குற கதையாயிடும்.

கடி எல்லாம் முழங்காலுக்கு கீழ மட்டும், கணுக்கால சுத்தி, நடுவுல சின்ன செவப்புப் புள்ளியோட, ரொம்ப நமைச்சலா இருந்தா தெள்ளுப்பூச்சி. நம்ம ஊர்ல இதையும் உண்ணின்னு தான் சொல்றாங்க, ரெண்டும் வேற. தெள்ளு குதிக்கும், கடிச்சிட்டு ஓடிடும். உண்ணி குதிக்காது, தோல்ல தலைய சொருகிட்டு நாள் கணக்கா அப்டியே ஒக்காந்திருக்கும், மச்சம்னு நெனச்சு விட்டவங்க கூட உண்டு. தெள்ளான்னு பாக்க, புள்ளைங்களோட வெள்ள ஸ்கூல் சாக்ஸ முழங்கால் வரைக்கும் ஏத்திப் போட்டுக்கிட்டு நாயோ பூனையோ படுக்குற எடத்துல அஞ்சு நிமிஷம் நடங்க, கருப்பா எள்ளு மாதிரி சாக்ஸ்ல ஏறுச்சுன்னா அது தான். நாய் பூனை இல்லாத வீட்டுலயும் வரும், மாடிப்படிக்கு கீழ தெருப்பூனை குட்டி போட்டிருந்தா போதும். ரொம்ப நாள் பூட்டிக் கெடந்த வீட்ட தொறந்து உள்ள போனதும் காலெல்லாம் கடிக்குதுன்னு சொல்வாங்களே, அது வேற ஒண்ணுமில்ல, தெள்ளு கூட்டுக்குள்ள மாசக்கணக்கா காத்திருந்து நம்ம நடக்குற அதிர்வுக்கு மொத்தமா வெளிய வர்றது. உண்ணி ஒட்டிக்கிட்டு இருந்தா தீக்குச்சியால சுடாதீங்க, தோலோட ஒட்டி ட்வீசர்ல புடிச்சு நேரா, நிதானமா இழுங்க.

வட சென்னையில மறந்துடக் கூடாத இன்னொண்ணு புறா. மாடியில கூண்டு வெச்சு பந்தயத்துக்கு வளக்குறவங்க ஒரு பக்கம், ஹவுசிங் போர்டு ஜன்னல் சன்ஷேடுல தானா வந்து கூடு கட்டுறது இன்னொரு பக்கம். குஞ்சு பறந்து போனதும் கூட்டுல இருக்க பொடிப் பூச்சிக்கு சாப்பாடு இல்லாம ஜன்னல் வழியா உள்ள எறங்கும். முற்றுப்புள்ளி சைஸ் தான் இருக்கும், கண்ணுக்கு தெரியறதே கஷ்டம், கடி பொடிப்பொடியா செவப்பா இருக்கும். கட்டில் சுத்தமா இருந்தும் ஜன்னல் பக்கம் படுக்குறவங்களுக்கு மட்டும் கடின்னா வெளிய எட்டி கூடு இருக்கான்னு பாருங்க. அதால மனுஷன் ரத்தத்துல குடித்தனம் பண்ண முடியாது, பழைய கூட்ட எடுத்துட்டு தொடச்சு விட்டா சில வாரத்துல அடங்கிடும்.

இனிமே சொல்றது கடியே இல்ல, ஆனா எல்லாரும் கடின்னு நெனைக்கிறது. சிரங்கு, அதாவது ஸ்கேபிஸ், தோலுக்குள்ள ஒரு பொடிப் பூச்சி குடியேறி வர்றது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புள சுத்தி, பாவாட நாடா கட்டுற எடம், ஆம்பளைங்களுக்கு மறைவிடம். ராத்திரி படுத்ததும் அரிப்பு ஏறும். முக்கியமா ஒருத்தருக்கு வந்தா சில வாரத்துல வீடே சொறியும். மொத தடவ வர்றவங்களுக்கு பூச்சி ஏறி நாலு வாரம் ஆறு வாரம் கழிச்சு தான் அரிப்பே தொடங்கும், அதுக்குள்ள ஒண்ணா படுக்குற எல்லாருக்கும் போயிருக்கும். எங்க அக்கா வீட்டுல இத பூச்சிக்கடின்னு சொல்லி மெடிக்கல் ஷாப்ல ஒரு ட்யூப் வாங்கி போட்டாங்க, போட்டதும் அரிப்பு நின்னுச்சு, ஆஹா ஓஹோன்னு தெருவுக்கே சிபாரிசு பண்ணாங்க. அதுல இருந்தது ஸ்டீராய்டு. அரிப்ப மூடி வெச்சுது, பூச்சி உள்ள ஜாலியா பெருகுச்சு, ரெண்டு மாசம் கழிச்சு ஓபில போய் நின்னப்ப அஞ்சு பேருக்கும் இருந்துச்சு. இதுக்கு டாக்டர் எழுதிக் குடுக்குற பெர்மெத்ரின் க்ரீம கழுத்துலேந்து உள்ளங்கால் வரைக்கும், விரல் இடுக்கு நக இடுக்கு விடாம தடவி, நைட்டு பூரா விட்டு காலையில குளிக்கணும், ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவ. அரிக்குதோ இல்லையோ வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல போடணும், இத செய்யாம தான் பாதி பேருக்கு திரும்பத் திரும்ப வருது. போட்டப்புறமும் ரெண்டு மூணு வாரம் அரிப்பு இருக்கும், மருந்து வேல செய்யலன்னு பயந்து தினம் தினம் தடவாதீங்க.

அடுத்தது ஆசிட் பூச்சி. மழை சீசன்ல ட்யூப் லைட்டுக்கு வரும், ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது, பாக்க எறும்பு மாதிரி, கருப்பும் ஆரஞ்சும் மாத்தி மாத்தி. இது கடிக்காது, கொட்டாது. கழுத்துல ஊருதேன்னு நம்ம சப்புன்னு அடிச்சு நசுக்குறோம்ல, அதுலேந்து வர்ற தண்ணி தான் தோல பொசுக்குது. ஒடனே ஒண்ணும் தெரியாது, மறுநாள் தான் சவுக்கால அடிச்ச மாதிரி நீளமா செவந்த கோடு, மேல பொடிக் கொப்புளம், அரிப்ப விட எரிச்சல் ஜாஸ்தி. முழங்கை மடிப்புல பட்டா மேலயும் கீழயும் அச்சு எடுத்த மாதிரி ரெண்டு புண்ணு வரும், அத வெச்சே கண்டுபுடிச்சிடலாம். நெறைய பேரு இத அக்கின்னு நெனச்சு அக்கி எழுத போயிடுறாங்க. அக்கின்னா புண்ணு வர்றதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே அந்த எடம் வலிக்கும், ஒடம்புல ஒரு பக்கம் மட்டும் பட்டையா வரும். ஆசிட் பூச்சி ஒக்காந்தா ஊதி விடுங்க, நசுங்கிடுச்சுன்னா ஒடனே சோப்பு போட்டு கழுவுங்க, அந்தக் கையோட கண்ண தொடாதீங்க.

எறும்பு பத்தி சொல்லவே வேணாம், கடிச்ச செகண்ட்லயே சுருக்குன்னு தெரியும். பேன்னா காது பின்னாடியும் பிடரியிலயும் பொடிச்சிருக்கும், சீப்ப எடுங்க.

கடைசியா ஒண்ணு, இது தான் உயிர் சமாச்சாரம். வலி இல்ல, அரிப்பு இல்ல, சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரே ஒரு கருப்புப் பொருக்கு, சுத்தி செவப்பு. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்கு கீழன்னு நம்ம பாக்காத எடமா பாத்து இருக்கும். கூடவே காய்ச்சல், தலவலி. இது ஸ்க்ரப் டைஃபஸா இருக்கலாம், புதர்லயும் எலி நடமாடுற எடத்துலயும் இருக்க ஒரு வகை பொடிப் பூச்சியோட (மைட்) குட்டிப் பருவம் கடிச்சு வர்றது, கடிச்சு பத்து நாள் வாக்குல தான் காய்ச்சல் வரும், அதனால யாருக்கும் கடி ஞாபகம் இருக்காது. தமிழ்நாட்டுல மழைக்காலத்துலேந்து பனிக்காலம் முடியற வரைக்கும் இது ஜாஸ்தி. பொருக்கு எல்லாருக்கும் வராது, ஆனா காய்ச்சல்காரங்கள குளிப்பாட்டும்போது ஒடம்பு பூரா ஒரு தடவ தேடிப் பாருங்க, இருந்தா டாக்டர் கிட்ட அத மொதல்ல காட்டுங்க. சீக்கிரம் கண்டுபுடிச்சா சாதாரண ஆண்டிபயாடிக்லயே கேக்கும், விட்டா கிட்னி நுரையீரல் வரைக்கும் போகும்.

மத்த கடிக்கெல்லாம் சோப்பு போட்டு கழுவி, துணியில ஐஸ் சுத்தி வெச்சு, கேலமைன் லோஷன் தடவுனா போதும். சுண்ணாம்பு, தைலம் ரெண்டும் புள்ளைங்க தோலுக்கு வேணாம். ஒதடு கண்ணு வீங்குறது, மூச்சு எளப்பு இருந்தா ஆட்டோ புடிச்சு நேரா ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, எது கடிச்சதுன்னு அப்புறம் ஆராயலாம். தடிப்பு சூடாகி பெருசாயிட்டே போற மாதிரி இருந்தா பால்பாயிண்ட் பேனாவால ஓரத்த சுத்தி ஒரு வட்டம் போட்டு, பக்கத்துலயே நேரம் எழுதி, போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. மறுநாள் செவப்பு வட்டத்த தாண்டுச்சுன்னா கிருமி தொத்தியிருக்கலாம், டாக்டர் கிட்ட கெளம்பிடுங்க. ஆளு சிக்குனா அதையும் செல்லோ டேப்புல ஒட்டி எடுத்துட்டுப் போங்க, நான் அப்டி தான் எடுத்துட்டுப் போனேன், டாக்டரம்மா அத லைட்டுல தூக்கிப் பாத்துட்டு என் பொண்ணோட கையக் கூட பாக்காம மருந்து எழுதிட்டாங்க.