கார் ஆயில் குடிக்கிறதா? எஞ்சினை இறக்கச் சம்மதிக்கும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

சைலன்சர் முனையைத் தொட்டேன், விரல் கறுத்துவிட்டது. பதினோரு வயதான பெட்ரோல் கார். ஒர்க்‌ஷாப்பில் எட்டிப் பார்த்த கையோடு தீர்ப்பும் வந்தது: "ரிங் போய்விட்டது சார், எஞ்சினை இறக்க வேண்டும்." ரிங் என்றால் பிஸ்டனைச் சுற்றியிருந்து, ஆயில் மேலேறி எரியாமல் தடுக்கும் வளையம். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, செலவில்லாத சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்தேன். அதே வரிசையில் இங்கே தருகிறேன். இது பெட்ரோல் காருக்கு மட்டும். டீசல் கணக்கு வேறு.

முதலில் அந்தக் கரி. எஞ்சின் நன்றாக ஆறியபின் குழாயின் உள்விளிம்பை வெள்ளைக் காகிதத்தால் துடைத்து, அந்தக் காகிதத்தை ஒரு மணி நேரம் அப்படியே வைத்துவிடுங்கள். கரி பொடியாக உதிர்ந்தால் அது வெறும் புகைக்கரி. கறையைச் சுற்றி வடை மடித்த காகிதத்தைப் போல எண்ணெய் வளையம் ஊறியிருந்தால் ஆயில் மீது சந்தேகப்படலாம்.

உலர்ந்த கரிக்குக் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது: காய்கறிக் கடை வரை போய்த் திரும்பும் குட்டிப் பயணங்கள், அடைத்துப்போன ஏர் ஃபில்டர், சோர்ந்துபோன ஆக்சிஜன் சென்சார். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் கரி படிவது இயல்பு. குழாய் சாம்பல் நிறமாக இருந்தால்தான் எஞ்சின் ஆரோக்கியம் என்று பெரியவர்கள் சொல்வது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துக் கணக்கு. இந்தியாவில் அது 2000-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. காலையில் குழாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டினாலும் பதற வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. குளிர்ந்த குழாயில் அது கரியைக் கழுவிக்கொண்டு வருகிறது.

ஆனால் கரி உலர்ந்திருப்பதால் மட்டும் ஆயில் எரியவில்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு அளந்துதான் பார்க்க வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) உருவித் துடைத்து, மறுபடி முழுதாகச் செருகி எடுங்கள். மேல்குறி வரை ஆயில் நிரப்பி, கிலோமீட்டரை எழுதி வையுங்கள். 1000 கிலோமீட்டர் ஓடியதும் அதே இடத்தில், அதே முறையில் பார்த்து, மீண்டும் மேல்குறியைத் தொட எத்தனை மில்லி ஊற்ற வேண்டியிருக்கிறது என்று குறியுங்கள். நடுவில் 200 கிலோமீட்டருக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள். கீழ்க்குறிக்கு இறங்க விடாதீர்கள். சில தயாரிப்பாளர்கள் 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரைகூட இயல்புதான் என்கிறார்கள். என்னைக் கேட்டால் அது தாராள மனசு. என் வண்டி 600 மில்லி குடித்தது.

குறைந்ததெல்லாம் எரிந்ததும் அல்ல. இரவில் எஞ்சினுக்கு அடியில் பழைய அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்திருந்தால் கசிவைத் தேடுங்கள்.

அட்டை சுத்தமாக இருக்கிறதா? அடுத்து புகை. இதற்கு இன்னொரு வண்டியில் பின்னால் வர ஒரு நண்பர் வேண்டும். பார்க்க வேண்டியது நீலம் கலந்த சாம்பல் நிறப் புகை, அதுவும் எப்போது வருகிறது என்பதைத்தான். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது ஒரு கொத்து வந்து அடங்கினால் வால்வ் சீல், அதாவது வால்வ் தண்டு வழியாக ஆயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் சின்ன உறை. சரிவில் கியரிலேயே இறங்கி, மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வந்தாலும் பெரும்பாலும் அதுவேதான்: மிதியிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் (காற்று நுழையும் வாசல்) மூடிக்கொள்ள, உள்ளே உருவாகும் வெற்றிடம் தேய்ந்த சீல் வழியாக ஆயிலை உறிஞ்சுகிறது. மேட்டில் இழுத்து ஏறும்போது விடாமல் புகைந்தால் ரிங் பக்கம் பாருங்கள். டர்போ வண்டியாக இருந்தால் டர்போவின் சீலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், இனிப்பு வாடையும் அடித்து, கூலன்ட்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்தால் அது ஹெட் காஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகத்துக்கும் உடலுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) விவகாரம், வண்டியை ஓட்டாதீர்கள்.

பிறகு ஸ்பார்க் பிளக்குகள். கழற்றும்போதே எது எந்த சிலிண்டருடையது என்று வரிசையாக வையுங்கள். முனை வெளிர்பழுப்பாக இருந்தால் நலம். ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தால் அந்த சிலிண்டரில் ஆயில் இறங்குகிறது. ஒன்று மட்டும் நனைந்திருந்தால் கோளாறு அங்கேயே இருக்கும். எனக்கு நான்கிலும் ஒரே மாதிரி லேசான ஈரம். நான்கு சிலிண்டருக்கும் ரிங் ஒரே நேரத்தில் ஒரே அளவு தேய்ந்திருக்குமா என்று அப்போதுதான் உறைத்தது. நான்குக்கும் பொதுவான வழி ஒன்று உண்டு: பிசிவி வால்வ். எஞ்சினுக்குள் சேரும் ஆவியைக் காற்றுக்குழாய்க்குத் திருப்பி அனுப்பும் சின்ன உறுப்பு அது. திறந்தபடியே சிக்கிக்கொண்டால் ஆவியோடு ஆயிலையும் சேர்த்து அனுப்பிவிடும். கழற்றிக் குலுக்கினால் பல வண்டிகளில் உள்ளே 'கடகட'வென்று ஆட வேண்டும். என்னுடையது ஊமையாக இருந்தது.

இத்தனைக்கும் பிடிபடாவிட்டால் கம்ப்ரஷன் டெஸ்ட்: ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று ஒர்க்ஷாப்பில் மீட்டர் வைத்து அளப்பது. அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வ் அல்லது காஸ்கெட். எஞ்சினை இறக்கும் பேச்சை இந்த எண்களைப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

புது பிசிவி வால்வைப் பொருத்தி மறுபடியும் 1000 கிலோமீட்டர் ஓட்டினேன். இந்த முறை ஊற்றியது 100 மில்லிக்கும் குறைவு.