குகையைத் தாண்டினால் கேரளம்: பேரப்பிள்ளைகளை வெளியே கூட்டிப் போக ஓர் ஆச்சி சொல்வது

எங்கள் வீடு செங்கோட்டையில். மகனும் மருமகளும் சென்னையில் இருக்கிறார்கள். சாரல் விழுகிற சமயம் பார்த்து பொதிகை எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்குவார்கள். பேரனுக்கு 7 வயது, பேத்திக்கு 4. வருகிற ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் எல்லோருமாக வெளியே போவோம். போய்ப் போய்த் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

வந்த அன்றே கிளம்பாதீர்கள். இரவெல்லாம் ரயிலில் வந்த பிள்ளை காலையில் துள்ளும், பதினோரு மணிக்குச் சிணுங்கும். முதல் நாள் வீட்டிலேயே கிடக்கட்டும். மறுநாள் கிளம்பினால் போதும்.

ஒரு நாளைக்கு ஒரே இடம். இதை நான் பட்டுத்தான் கற்றேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் காலையில் தென்மலை, மத்தியானம் பாலருவி, சாயங்காலம் குற்றாலம் என்று வரிசையாக வைத்துக்கொண்டு கிளம்பினோம். பாலருவியில் பாறையில் கால் வழுக்கி என் முட்டி வீங்கிவிட்டது. கைக்குழந்தையாக இருந்த சின்னவள் காரில் வாந்தி எடுத்தாள். குற்றாலம் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அன்றைக்கு என்ன பார்த்தோம் என்று பெரியவனைக் கேட்டால் ‘ஆச்சி விழுந்தாங்க’ என்பது மட்டும்தான் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு இடத்துக்கு மேல் நான் ஒத்துக்கொள்வதில்லை.

அந்த ஒரு இடம் எது என்று கேட்டால், சின்னப் பிள்ளைகளுக்கு ரயில்தான் என்பேன். செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மலைப்பாதை 1904-ல் போட்டது. அப்போது மீட்டர்கேஜ். ஏற்றத்தில் முன்னால் ஒரு என்ஜின் இழுக்க, பின்னால் இன்னொன்று தள்ளும். அகலப்பாதையாக மாற்றி 2018-ல் முழுதாகத் திறந்தார்கள். பகவதிபுரம் தாண்டியதும் ரயில் போக மலையைக் குடைந்த நீளமான குகை வரும். உள்ளே நுழையும்போது தமிழ்நாடு, வெளியே வந்தால் கேரளம். இந்தப் பக்கம் வெயில் அடிக்கும், அந்தப் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருக்கும். பேத்தி வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாள். குகைக்கு முன்னாலேயே கையையும் தலையையும் ஜன்னலிலிருந்து உள்ளே எடுக்கச் சொல்லிவிட வேண்டும்.

1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது. குகை வருமுன் அந்தக் கதையைச் சொல்லி வைப்பேன். ‘அப்போ நம்ம வீடு கேரளாவா ஆச்சி?’ என்று பெரியவன் கேட்பான். கழுதுருட்டி பக்கம் பதிமூன்று கண் பாலம் வருகிறது. அவனை விட்டு எண்ணச் சொல்லுங்கள். ரயிலுக்குள்ளிருந்து எல்லாக் கண்ணையும் எண்ண முடியாது, ஆனாலும் வளைவில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வருவான். பாட்டும் செல்போனும் அதுவரைக்கும் தேவைப்படாது.

முன்பதிவு இல்லாத பெட்டியில் 5 வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது, 5 முதல் 12 வயதுக்குள் அரை டிக்கெட். போகிற வண்டியோடு திரும்புகிற வண்டியின் நேரத்தையும் முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தென்மலையில் இறங்கினால் ஆட்டோ பிடித்து மான்களைப் பார்த்துவிட்டு வரலாம். புனலூர் வரை போனால் கல்லடையாற்றின் மேல் தொங்குபாலம் இருக்கிறது. 1877-ல் கட்டியது. உள்ளே விடாத நாளானாலும் வெளியே நின்று அந்தச் சங்கிலிகளைப் பார்க்கலாம். இரண்டில் ஒன்று மட்டும். பாலருவிக்கு, பாறையில் தானாகக் கால் ஊன்றி நடக்கிற வயது வந்த பிறகு போய்க்கொள்ளலாம்.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவேன். இட்லியைச் சின்னச் சின்னதாக ஊற்றி, ஆறியபின் மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவி, வாட்டிய வாழை இலையில் நான்கு நான்காக மடித்து நூல் கட்டிவிடுவேன். பேத்திக்கு மட்டும் பொடிக்குப் பதில் நெய்யும் சர்க்கரையும். ஆளுக்கு ஒரு பொட்டலம் என்பதால் யாருக்கு எது என்று சண்டை வராது. கேரளத்துக் கடையில் பழம்பொரி ஒன்று வாங்கித் தரலாம், அதற்குமேல் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். அங்கே சுடுதண்ணீரில் பதிமுகம் போட்டுத் தருவார்கள். ரோஸ் கலரில் இருக்கும். பேத்தி முதலில் குடிக்கவே மாட்டேன் என்றாள். மரச்சீவல் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் என்று சொல்லி, நான் ஒரு மடக்கு குடித்துக் காட்டினேன். இப்போது வீட்டிலும் அதையே கேட்கிறாள்.

குற்றாலம் என்றால் முறை வேறு. பேரருவி, ஐந்தருவிக் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளை நெரிய விடாதீர்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் புலியருவிதான். தண்ணீர் அதிக உயரத்திலிருந்து விழாது, பிள்ளைகள் பயப்படாமல் நிற்கும். அருவிக்குள் தூக்கிக்கொண்டு போவது அப்பாவின் வேலை. காய்ந்த துண்டோடு கரையில் நிற்பது ஆச்சியின் வேலை. ஈரப் பாறையில் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நம் முட்டி நிற்காது. இதில் மகனோடு மல்லுக்கட்டவே வேண்டாம், முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். கரையில் நிற்பவருக்கு இன்னொரு கடமையும் உண்டு. தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தெளிந்த தண்ணீர் சட்டென்று கலங்கி, செத்தையும் சுள்ளியும் சேர்ந்து வந்தால் மேலே மலையில் மழை பெய்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நொடியே எல்லோரையும் வெளியே கூப்பிடுங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பள்ளி மாணவனை அடித்துக்கொண்டு போனது. குளிக்கத் தடை போட்டிருந்தால் மறுபேச்சு இல்லாமல் திரும்பிவிடுங்கள். பிள்ளை அழுதால் அழட்டும்.

குரங்குகள் இருக்கும். பழத்தையும் பிளாஸ்டிக் பையையும் வெளியே தெரிகிற மாதிரி கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். துணிப்பைக்குள் பையை மடித்து வைத்தால் வராது. சோப்பும் ஷாம்பும் வேண்டாம், அருவிக்கரையில் அதற்குத் தடை. ஆளுக்கு இரண்டு மாற்று உடுப்பு, ஈரத்துணி போட ஒரு பை, உங்கள் மாத்திரை, தண்ணீர். அது போதும்.

கூட்டத்தில் பிள்ளை விலகிவிடும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் வெளியே போகிற நாளில் எப்போதும் அந்த மஞ்சள் கலர் நூல் சேலைதான். கறுப்புக் கரை போட்டது, தூரத்திலிருந்தே தெரியும். ‘மஞ்சச் சேலையைப் பார்த்து ஓடி வா, என்னைக் காணலைன்னா நின்ன இடத்துல நில்லு’ என்று வீட்டிலேயே இரண்டு தடவை சொல்ல வைத்துப் பழக்கியிருக்கிறேன். அப்பாவின் செல் நம்பரை முழங்கைக்குக் கீழே பேனாவால் எழுதிவிடுவேன். 

சாயங்காலம் ஐந்து மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். மறுநாளுக்கு எந்தத் திட்டமும் வைக்க வேண்டாம். ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டு, தைலம் தேய்த்துவிட பேத்தியைக் கூப்பிடுவேன். முட்டியில் கை வைத்துத் தேய்த்துக்கொண்டே அன்றைய கதையை ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். போன தடவை குகைக்குள் போனபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டே இருந்தாளாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவே இல்லை. அடுத்த தடவை பகவதிபுரம் தாண்டியதும் அவளை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளப் போகிறேன்.